பச்சை டிராகன் கூலி

ரூன்ஸ்கேப்பில் தங்கம் சேர்க்க வழிகள் ஏராளம். யூ மரம் வெட்டலாம், சுறா பிடித்து விற்கலாம், ஆளி நாரை நூற்று வில்லுக்கு நாண் செய்யலாம், சந்தையில் விலை இறங்கும்போது வாங்கி ஏறும்போது தள்ளிவிடலாம். ஆனால் ஓரளவு லெவல் ஏறிய எல்லோரும் ஒரு கட்டத்தில் போய்ப் பார்க்கும் இடம் வைல்டர்னெஸ். அங்கே பச்சை டிராகன்கள் உண்டு. இந்த வாரம் அந்த டிராகன்களைப் பற்றியும், வயிற்றுப்பாட்டுக்காக அவற்றைக் கொன்றுகொண்டிருந்தவர்களைப் பற்றியும் எழுத நினைக்கிறேன்.

இந்த கேமைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஜாகெக்ஸ் நிறுவனத்தின் ஆட்டம் இது. 2001-இல் தொடங்கியது. பின்னால் நிறைய மாறிவிட்டதால், பழைய ஆட்டம்தான் வேண்டும் என்று கேட்டவர்களுக்காக 2007-ஆம் ஆண்டின் வடிவத்தை எடுத்து 2013-இல் 'ஓல்டு ஸ்கூல்' என்ற பெயரில் மறுபடி திறந்தார்கள். 2018 முதல் போனிலும் ஓடுகிறது. நான் ஆடுவது போனில்தான், பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.

டிராகன் வேட்டைக்கு ஆன்டி-டிராகன் ஷீல்டு இல்லாமல் போகக்கூடாது. டிராகன் கக்கும் நெருப்பில் சில நொடிகளில் உயிர் போய்விடும். ஷீல்டு, ஒரு வாள், பையில் கொஞ்சம் சமைத்த மீன். இவ்வளவுதான் முதலீடு. டிராகன் விழும்போதெல்லாம் ஓர் எலும்பும் ஒரு தோலும் கட்டாயம் கிடைக்கும். பையில் 28 இடம். நிறைந்ததும் வங்கிக்கு ஓட வேண்டும், இறக்கிவைத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். இதில் பயப்பட வேண்டியது டிராகனுக்கு அல்ல. வைல்டர்னெஸ் என்பது ஓர் ஆட்டக்காரர் இன்னோர் ஆட்டக்காரரைக் கொல்ல அனுமதியுள்ள நிலம். செத்தால் விலை உயர்ந்த மூன்று பொருள் மட்டும் நம்மிடம் மிஞ்சும்; மற்றதெல்லாம் கொன்றவருக்கு. அரை மணி நேரம் சேர்த்த எலும்பும் தோலும் ஒரு நிமிடத்தில் கைமாறிவிடும்.

அந்தத் தோல் பிறகு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் ஆட்டத்தின் பொருளாதாரமே புரிந்துவிடும். அல் கரீத் என்ற ஊரில் தோல் பதனிடுபவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொடுத்துப் பதப்படுத்தி, மூன்று தோலைச் சேர்த்து ஒரு மேலங்கி தைப்பார்கள். அந்த அங்கியின் மேல் ஹை ஆல்கெமி மந்திரத்தைப் போட்டால் அங்கி மறைந்து 4,680 காசு கைக்கு வரும். அந்தக் காசு வேறு யார் பையிலிருந்தும் வந்ததல்ல. அந்த நொடியில் சர்வரில் புதிதாகப் பிறந்தது. இப்படிக் காசு பிறந்துகொண்டே இருந்தால் விலைவாசி எகிறும். அதனால்தான் சந்தையில் நடக்கும் விற்பனைக்கு 2021-இல் வரி போட்டார்கள். வரியாக வரும் காசில் ஒரு பங்கைக் கொண்டு சந்தையிலேயே பொருள்களை வாங்கி அழித்துவிடுவார்கள். மத்திய வங்கி செய்கிற வேலை.

வெறும் மந்திரத்தில் பிறக்கும் காசை யாராவது நிஜப் பணம் கொடுத்து வாங்குவார்களா? வாங்குகிறார்கள், ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒருவருடைய நேரம் இருக்கிறது. எட்வர்டு காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதார ஆய்வாளர் 2001-இலேயே இதைக் கணக்குப் போட்டார். எவர்குவெஸ்ட் என்ற ஆட்டத்தில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சேர்க்கும் பொருளை வெளியே விற்றால் 3.42 டாலர் தேறும் என்று கண்டார். அப்போது அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 5.15 டாலர். ஆகவே அங்கே இது பிழைப்பாகாது. ஆனால் அந்த மூன்று டாலர் பெரிய பணமாகத் தெரியும் நாடுகள் உலகில் நிறைய உண்டு. அதில் பாதியோ கால்வாசியோ கிடைத்தால்கூடப் போதும் என்ற நிலைக்குத் தள்ளப்பட்ட நாடும் உண்டு. அது வெனிசுவேலா.

2014-இல் எண்ணெய் விலை சரிந்தது. எண்ணெயை மட்டுமே நம்பியிருந்த அந்த நாடு அதோடு விழுந்தது. பணவீக்கம் எவ்வளவு மோசமானது என்றால், 2018 ஆகஸ்டில் அரசே தன் நாணயத்திலிருந்து ஐந்து பூஜ்யங்களை வெட்டியது. 2021-இல் இன்னும் ஆறு. மாதச் சம்பளம் வாங்கி வீடு வருவதற்குள் அதன் மதிப்பு குறைந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய ஓர் ஆட்டம், அதில் கிடைக்கும் காசை டாலருக்கு வாங்க வெளிநாட்டில் ஆள். இளைஞர்கள் பலர் டிராகன் வேட்டைக்கு வந்ததில் என்ன ஆச்சரியம்? மணிக்கணக்காக அதே டிராகன், அதே வங்கி, அதே ஓட்டம். சேர்ந்த தங்கத்தை இடைத்தரகரிடம் விற்று, கிடைத்ததை அரிசியாகவும் மாவாகவும் மருந்தாகவும் மாற்றினார்கள். 2019 மார்ச்சில் குரி நீர்மின் நிலையக் கோளாறால் நாட்டின் பெரும்பகுதி நாள்கணக்கில் இருட்டில் கிடந்தபோது அவர்களுக்கு அந்தக் கூலியும் இல்லை.

2017-இல் ஆட்டக்காரர்களிடையே ஒரு கையேடு சுற்றியது. வைல்டர்னெஸின் கிழக்குப் பக்கத்தில் டிராகன் வேட்டையாடும் வெனிசுவேலர்களை எப்படி அடையாளம் கண்டு கொல்வது என்பதற்கான கையேடு. அதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு, அதன்படியே வேட்டைக்குப் போனவர்களும் உண்டு. அவர்கள் சொன்ன நியாயம்: நிஜப் பணத்துக்குத் தங்கம் விற்பது விதிமீறல், இவர்களால் ஆட்டத்தின் பொருளாதாரம் கெடுகிறது.

விதிமீறல் என்பது உண்மை. ஜாகெக்ஸ் அதைத் தடை செய்திருக்கிறது. பிடிபட்டால் அக்கவுண்டைப் பூட்டிவிடும். நிறுவனம் அப்படிச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். தங்க வியாபாரத்தோடு திருட்டு கிரெடிட் கார்டும், கடத்தப்பட்ட அக்கவுண்டும் கூடவே வருகின்றன. இந்த வியாபாரத்தை ஒழிக்க 2008 தொடக்கத்தில் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் இஷ்டம்போல் பொருள் மாற்றிக்கொள்வதையே நிறுத்திப் பார்த்தார்கள். நண்பனுக்கு ஒரு நல்ல வாளைச் சும்மா கொடுக்கக்கூட முடியாமல் போனது. பலர் ஆட்டத்தையே விட்டுப் போனார்கள். வாக்கெடுப்பு நடத்தி, 2011-இல் அந்தத் தடையை நீக்கினார்கள். பிறகு வந்தது பாண்டு என்ற ஏற்பாடு: நிறுவனத்திடமே பணம் கொடுத்து பாண்டு வாங்கி, அதை ஆட்டத்துக்குள் தங்கத்துக்கு விற்கலாம், வாங்குபவர் அதைச் சந்தாவாக்கிக்கொள்வார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் டாலர் கம்பெனிக்குப் போகும். வெனிசுவேலாவின் மராக்காய்போவில் இருப்பவர் கைக்கு வராது.

பொருளாதாரம் கெடுகிறது என்ற குற்றச்சாட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டத்தை உண்மையில் அரிப்பவை பாட்கள். ஆள் இல்லாமல், தூங்காமல், நூற்றுக்கணக்கான அக்கவுண்டுகளில் இரவும் பகலும் ஓடும் மென்பொருள்கள். எலும்பும் தோலும் மலைபோல் குவிந்து விலை விழுவது அவற்றால். அந்த விலை வீழ்ச்சியில் முதலில் அடிபடுவது யார்? கையால் கிளிக் செய்து பிழைக்கும் மனிதன்தான். பாட்டுக்குப் பசி கிடையாது; எவ்வளவு மலிவாக விற்றாலும் அதற்குக் கட்டும். இந்த மனிதனைத் துரத்தித் துரத்திக் கொன்றவர்கள் பொருளாதாரத்தைக் காப்பாற்றவில்லை. ஒருவருடைய ஒரு வேளைச் சாப்பாட்டைப் பறித்தார்கள். வைல்டர்னெஸில் கொல்வது ஆட்டத்தின் ஒரு பகுதி என்பது எனக்கும் தெரியும். நானும் செத்திருக்கிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. எதிரே யார் வந்தாலும் அடிப்பது ஆட்டம். எந்த நாட்டுக்காரர் என்று விசாரித்து, ஏழை என்று தெரிந்துகொண்டே தேடிப்போய் அடிப்பதை ஆட்டம் என்று சொல்ல மாட்டேன்.

இதை வாசிப்பவர்களில் ரூன்ஸ்கேப் ஆடுபவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்குத் தங்கம் வேண்டும் என்றால் நீங்களே உழைத்துச் சேருங்கள். அவசரம் என்றால் பாண்டு வாங்குங்கள். பாட் என்று தெரிந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள். வைல்டர்னெஸில் டிராகன் அடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஸ்பானிய மொழியில் பேசினால், அவரை விட்டுவிட்டு அடுத்த டிராகனைப் பாருங்கள்.