ஜாக் போனால் ஆம்ப் போனதாகாது

மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் பேஸ் கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போகிற சர்வீஸ் கடைக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் கிளம்புகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்: இரைச்சல் வருகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

34 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். சங்கீத ஞானம் கிடையாது. ஆனால் என்னிடம் படித்தவர்களில் நாலைந்து பேர் மேடையில் வாசித்துத்தான் சாப்பிடுகிறார்கள். சால்டரிங் அயர்ன் வைத்திருக்கிற வாத்தியார் என்பதால் பழுதான பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். போன மாதம் வந்தது ஒரு 100 வாட் பேஸ் ஆம்ப். ஒயரை லேசாக அசைத்தால் கரகர, இன்னும் கொஞ்சம் அசைத்தால் மௌனம். கடையில் காட்டியதற்கு, "போர்டு போயிருச்சு தம்பி, மாத்தணும்னா ஏழாயிரம் ஆகும். அதுக்குப் புதுசே எடுத்துக்கலாம்" என்றார்களாம். கோயில் கொடை சீசன். அந்தப் பையனுக்கு ஒரு கச்சேரிக்குக் கையில் நிற்பது 1,500 ரூபாய்.

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்புட் ஜாக்கின் ஒரு கால் டிரை சால்டர் விட்டிருந்தது, அவ்வளவுதான். கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. என் ஆதங்கமே அதுதான். சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வது நம் ஊரில் ஒரு தொழில்முறையாகவே ஆகிவிட்டது.

அந்த ஜாக்கைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கடையில் பி-38 என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற 6.35 மில்லிமீட்டர் பின் இருக்கிறதே, அது பேஸ் கிட்டாரை விட வயதில் மூத்தது. ஃபெண்டர் கம்பெனியின் பிரசிஷன் பேஸ் வந்தது 1951-இல். இந்தப் பின்னோ 19-ஆம் நூற்றாண்டின் தொலைபேசி நிலையங்களில் பிறந்தது. டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், ஆபரேட்டர் ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொரு துளையில் செருகுவார். அதே குடும்பம்தான் இது. நுனியில் சிக்னல், உடம்பில் கிரவுண்ட். பெண் பக்கத்தில், அதாவது ஜாக்கில், நுனியைப் பிடிக்க ஒரு வளைந்த பட்டை இருக்கும். பெரும்பாலான ஆம்ப்களில் கூடவே ஒரு குட்டி சுவிட்சும் உண்டு. பின் செருகாதபோது அது நுனியைக் கிரவுண்டோடு சேர்த்து வைத்துப் பெட்டியை அமைதியாக வைத்திருக்கும். செருகியதும் விலகிவிடும்.

பழுதின் குணத்தை இதிலிருந்தே ஊகிக்கலாம். பட்டை தளர்ந்தாலோ அழுக்கேறினாலோ கரகரப்பு. அந்தச் சுவிட்ச் விலகாமல் ஒட்டிக்கொண்டால் சத்தமே இருக்காது. கிரவுண்ட் கால் விட்டுப்போனால் பெரிய ஹம் வரும், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஸ்பீக்கரில் உட்கார்ந்து பாடும். பேஸின் தடித்த தந்தியே ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ்தான். அதனால் பேஸ் ஆம்ப் இந்த ஹம்மை நன்றாகவே பெருக்கிக் காட்டும். பையன்கள் பயந்துபோவது இங்கேதான்.

இனி சோதிக்கும் வரிசை. கைத்திறனைவிட இந்த வரிசைதான் முக்கியம் என்பது என் கட்சி.

முதலில் கேபிளை மாற்றுங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பழுது அங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து வேறொரு கிட்டார். ஆக்டிவ் பேஸ் என்றால் 9 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். அந்தக் கிட்டார்களில் பின்னைச் செருகுவதே பேட்டரிக்குச் சுவிட்ச். ராத்திரி முழுக்கச் செருகியே வைத்திருந்தால் காலையில் பேட்டரி காலி, பழி ஆம்ப் மேல்.

இரண்டையும் மாற்றியும் கரகரப்பு நிற்கவில்லையா? கெயின் குமிழைத் திருப்புங்கள். அதோடு சேர்ந்து கரகரப்பும் ஏறி இறங்கினால், பழுது குமிழுக்கு முன்னால் இருக்கிறது, ஜாக்கைச் சந்தேகப்படலாம். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தும் இரைச்சல் அப்படியே இருந்தால் ஜாக்கை விட்டுவிட்டுப் பின்னால் தேட வேண்டும். ஆக்ஸ் உள்ளீடு இருந்தால் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டு அதில் கொடுங்கள். பாட்டு சுத்தமாகக் கேட்டால் பவர் பகுதியும் ஸ்பீக்கரும் நலம். "போர்டு போச்சு" என்ற தீர்ப்பு பாதி அடிபட்டுப் போகிறது, ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல்.

இன்னொரு தந்திரம் பலருக்குத் தெரியாது. பெட்டியின் பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருக்கும். ரிட்டர்ன் ஜாக்குக்குள்ளும் ஒரு சுவிட்ச் உண்டு. பல ஆம்ப்களில் உள்ளே போகிற சிக்னல் அந்தச் சுவிட்சைத் தாண்டித்தான் பவர் பகுதிக்குப் போக வேண்டும். அந்த ஜாக்கை யாரும் வருடக்கணக்கில் தொடுவதில்லை, களிம்பேறிக் கிடக்கும். அறிகுறி என்னவோ இன்புட் ஜாக் போனது போலவே தெரியும். ஒரு சின்னக் கேபிளால் சென்ட்டையும் ரிட்டர்னையும் இணைத்துப் பாருங்கள். சத்தம் திரும்பிவிட்டால் குற்றவாளி அங்கே இருக்கிறான். கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, பின்னைப் பத்து முறை செருகி எடுத்தால் போதும். உப்புக்காத்தாள் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். தேங்காய் எண்ணெய் விட்ட ஒரு மகானையும் பார்த்திருக்கிறேன்.

பிளக்கைக் கரண்டிலிருந்து பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரில் பார்ப்பது இன்னும் நல்லது. ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையில் நுனிக்கும் உடம்புக்கும் நடுவே அளக்க வேண்டும். பெரும்பாலும் 10 லட்சம் ஓம் அளவில் காட்டும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் ஷார்ட். அளவு எதுவாக இருந்தாலும், பின்னை மெதுவாக அசைக்கும்போது எண் துள்ளினால் பழுது கையில் அகப்பட்டுவிட்டது.

திறப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. வால்வு வைத்த ஆம்ப் என்றால் நீங்கள் திறக்கவே கூடாது. கரண்டைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். டிரான்சிஸ்டர் பெட்டியிலும் கெப்பாசிட்டர் உண்டு, 230 வோல்ட் வந்து இறங்கும் இடமும் உண்டு. பழக்கம் உள்ளவரை வைத்துத் திறங்கள். உள்ளே பார்க்க வேண்டியது ஜாக் கால்களைச் சுற்றியுள்ள ஈயம். டார்ச் அடித்து லென்ஸில் பார்த்தால் முடிபோல ஒரு வளையக் கீறல் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் வேலை முடிந்தது.

அந்தக் கீறல் ஏன் வருகிறது? வெளியே இருக்கிற நட்டு தளர்ந்ததும், கேபிளின் இழுவை முழுவதும் அந்த மூன்று நான்கு சால்டர் புள்ளிகளின் தலையில் விழுகிறது. பிளாஸ்டிக் ஜாக்கை நேராகப் போர்டிலேயே பற்றவைத்துவிட்டால் கம்பெனிக்கு ஒயரும் கூலியும் மிச்சம். மிச்சம் பிடித்தது அவர்கள், ஏழாயிரம் கேட்கப்படுவது கோயில் கொடையில் வாசிக்கும் பையனிடம். உலோக ஜாக்கைப் பெட்டியின் தகட்டிலேயே முறுக்கி, அங்கிருந்து போர்டுக்கு ஒயர் இழுப்பதுதான் நியாயமான வேலை. மாற்றும்போது அப்படி மாற்றச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை நட்டை விரலால் தொட்டுப் பாருங்கள்.

எர்த் பின் விஷயத்துக்கு வருகிறேன். ஹம் வந்ததும் மேடையில் யாராவது ஒருவர், "எர்த்தைக் கட் பண்ணு, நின்னுரும்" என்பார். சில நேரம் நின்றும்விடும். அதுதான் ஆபத்து. ஆம்புக்குள் ஒரு லைவ் ஒயர் தகட்டைத் தொட்டால், எர்த் இருக்கும்வரை ஃபியூஸ் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகடே 230 வோல்ட்டில் நிற்கும். தகட்டிலிருந்து ஜாக்கின் கிரவுண்ட், அங்கிருந்து கேபிள், கிட்டாரின் பிரிட்ஜ், தந்தி, கடைசியில் உங்கள் விரல். உதடு மைக்கைத் தொடும். மைக்கோ மிக்சர் வழியாக எர்த்தில் இருக்கும். நடுவில் இருப்பது உங்கள் நெஞ்சு. 1972-இல் ஸ்டோன் த குரோஸ் என்ற ஸ்காட்லாந்து குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி, வேல்ஸின் சுவான்சி நகரில் மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். ஒரு ஜாக்கின் கிரவுண்ட் காலைப் பற்றவைத்தால் போகிற ஹம்முக்காக உயிரைப் பணயம் வைக்கிறோம்.

என் துறையையும் விட்டுவைக்கப் போவதில்லை. ஓம் விதியைப் பத்தாம் வகுப்பில் வரையறு, நிறுவு, கணக்குப் போடு என்கிறோம். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை மல்டிமீட்டரின் இரண்டு முள்ளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறது. ஆய்வகத்தில் ஒரு சால்டரிங் அயர்ன், உடைந்த நாலு ரேடியோ. இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

கடைக்காரத் தம்பிகளே, உங்கள் மேல் கோபமில்லை. ஜாக்கின் விலை ஐம்பது ரூபாய்தானே, அதற்கு எப்படி அறுநூறு கேட்பது என்று கூசித்தான் பலர் "போர்டு" என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தாராளமாக அறுநூறு கேளுங்கள். பழுதைத் தேடிக் கண்டுபிடித்ததற்குக் கூலி என்று பில்லிலேயே எழுதுங்கள், கழற்றிய பழைய ஜாக்கை ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுங்கள். பேரம் பேசுகிற பையன் என் மாணவனாக இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.