முகம் அகன்றது படத்திலா, திரையிலா?



1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணம் சோனகத் தெருவை விட்டு வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் எதையெல்லாம் இழந்தன என்று எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. இரண்டு மணித்தியால அவகாசத்தில் அல்பத்தையா தேடியிருப்பார்கள்? பல வீடுகளில் இன்று மிஞ்சியிருப்பவை, அதற்கு முன்னரே கொழும்பிலோ புத்தளத்திலோ இருந்த உறவினருக்குத் தபாலில் அனுப்பிய ஒன்றிரண்டு படங்கள்தான்.

எங்கள் உம்மம்மாவின் படமும் அப்படித்தான் தப்பியது. புத்தளத்து மாமியிடம் அதை இரவலாக வாங்கி, ஸ்கேன் செய்து, பழைய போட்டோஷொப் ஒன்றில் கறை நீக்கிக் கொண்டிருந்தாள் என் ராத்தாவின் மகள். மெனு எழுத்துகள் கடுகு போல் தெரிகின்றன என்று, திரையின் ரெசலூஷனை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1024க்கு 768 ஆகக் குறைத்தாள். எழுத்து பெரிதாகியது. கூடவே உம்மம்மாவின் முகமும் பூசணிக்காய் போல் அகன்றது! ஓரத்திலிருந்த கருவிப் பெட்டிகள் சிலவற்றையும் காணவில்லை. பயந்துபோன பிள்ளை, முகத்தை ஒடுக்கிச் 'சரி' செய்து, அதே பெயரில் சேமித்தும் விட்டாள். ஸ்டூடியோவில் பிரதி எடுத்துப் பார்த்தால், ஒட்டிய கன்னத்தோடு யாரோ ஒரு பெண்!

நல்லவேளை, கடதாசிப் படத்தை மாமிக்கு இன்னும் திருப்பி அனுப்பியிருக்கவில்லை. மூன்று இரவு வேலை மட்டும் வீண்.

நடந்தது இதுதான். அவளுடைய திரையின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற கணக்கில் அமைந்தவை. 1024க்கு 768 என்பதோ 4க்கு 3. அதைத் திரை முழுவதும் பரப்பும்போது எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகன்று தெரியும். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

சந்தேகமா? ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஒரு சதுரம் வரையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தைத் திரையின் மேலேயே வைத்து அளந்து பாருங்கள். உயரம் 6 சென்ரிமீற்றர், அகலம் 8 என்று வந்தால் குற்றம் திரையில்தான். 'இமேஜ் சைஸ்' என்ற இடத்தில் படத்தின் புள்ளிக் கணக்கும் இருக்கும். அது ஸ்கேன் செய்த அன்று இருந்தது போலவே இருந்தால் படத்தின் அளவு மாறவில்லை. எதையும் இழுக்க வேண்டாம்.

திரையைத் திருத்துவது இலேசு. விண்டோஸில் வெற்றிடத்தில் வலப்பக்க பட்டனை அழுத்தி 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' போய், 'ரெக்கமண்டட்' என்று குறித்திருக்கும் ரெசலூஷனையே தெரிவு செய்யுங்கள். எழுத்துப் பெரிதாக வேண்டுமென்றால் அதே இடத்தில் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 வீதமாக்குங்கள். 2012இல் வந்த சீ.எஸ்.6 போன்ற பழைய போட்டோஷொப்புகள் இதற்குச் செவிசாய்க்காது. அவற்றின் ஐக்கனில் வலப்பக்க பட்டனை அழுத்தி, 'ப்ரொப்பர்ட்டீஸ்', 'கொம்பட்டபிலிட்டி', 'சேஞ்ச் ஹை டி.பி.ஐ. செட்டிங்ஸ்' என்று போய், கடைசிக் கட்டத்தில் சரி அடையாளமிட்டு 'சிஸ்டம்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். மெனு பெரிதாகும். படம் சற்று மங்கலாகத் தெரியும், ஆனால் அந்த மங்கல் கோப்பில் ஏறாது.

காணாமற்போன பெட்டிகளுக்கு 'விண்டோ' மெனுவில் 'வேர்க்ஸ்பேஸ்', அதற்குள் 'ரீசெட் எசென்ஷியல்ஸ்'. அதற்கு முன் டாப் விசையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். பாதி நேரம் கை தவறி அதில் பட்டதுதான் காரணமாக இருக்கும்.

ரெசலூஷனைக் கூட்டினால் படம் சிறுத்துவிட்டதே என்று சிலர் பதறுவதுண்டு. நூறு வீதத்தில் பார்க்கும்போது படத்தின் ஒரு புள்ளி திரையின் ஒரு புள்ளியில் உட்கார்கிறது. திரைப் புள்ளிகள் நுணுகினால் படமும் சிறிதாகத் தெரியும், அவ்வளவுதான். 6க்கு 4 அங்குலப் பிரதிக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800க்கு 1200 போதும்.

ஸ்கேன் செய்தவுடன் முதல் கோப்பைத் தொடாமல் ஒதுக்கிவிட்டு, 'சேவ் ஏஸ்' கொடுத்து வேறு பெயரில் வேலை செய்யுங்கள். மாமிக்குத் திருப்பி அனுப்பிய கடிதவுறையின் மேல் ராத்தாவின் மகள் பென்சிலால் எழுதியிருந்தாள்: 2400க்கு 3600.