யார் கையில் கடிவாளம்?

அதிகாரம்! நாள்தோறும் நம் நாவில் புரளும் சொல். தாசில்தாரிடம் இருப்பதும் அதிகாரம். தடியெடுத்தவன் காட்டுவதும் அதிகாரம். ஆலை முதலாளி செலுத்துவதும் அதிகாரம். அவருடைய மைத்துனர் வாயிற்படியில் நின்று மிரட்டுவதும் அதிகாரம். எல்லாவற்றையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிடுகிறோம். தமிழில் வேறு சொல் இல்லாமலா? ஆட்சி உண்டு, ஆணை உண்டு, பிடி உண்டு, செல்வாக்கு உண்டு. செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம், கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் என்று வள்ளுவர் பிரித்தே வைத்தார். பிரித்துப் பேசும் வழக்கத்தை நாம்தான் கைநழுவவிட்டோம்.

ஆங்கிலத்திலே சட்டம் எழுதுகிறவன் அதைக் கைநழுவவிடவில்லை. பவர் வேறு, அதாரிட்டி வேறு, கண்ட்ரோல் வேறு, சூப்பர்விஷன் வேறு என்று தட்டானின் தராசிலே நிறுத்து நிறுத்து எழுதுகிறான். "இது பள்ளிக்கூடத்துப் பாடமாயிற்றே, பட்டறையில் வேலை செய்கிற எனக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள், தோழர்களே! அந்தத் தராசின் ஒரு தட்டில் சொல் இருக்கிறது; மறு தட்டில் இருப்பது உங்கள் சோறு.

ஆலை வாயிலுக்கே வாருங்கள். காவலுக்கு நிற்பவருக்கு, சீட்டு இல்லாத வண்டியைத் தடுத்து நிறுத்தும் உரிமை உண்டு. அது அதாரிட்டி. முதலாளியின் மைத்துனர் வரும் காரை அவர் நிறுத்திப் பார்க்கட்டும்! பவர் யாரிடம் என்பது அன்று மாலைக்குள் விளங்கிவிடும். அதாரிட்டி என்பது விதி தரும் உரிமை. பவர் என்பது செய்து முடிக்கும் வல்லமை. இரண்டும் ஒரே கையில் இருப்பதும் உண்டு; ஒன்றை இவர் கையிலும் மற்றொன்றை அவர் கையிலும் வைத்து ஆட்டம் காட்டுவதும் உண்டு.

கண்ட்ரோல் என்ற சொல்லின் பிறப்பிடம் கணக்குப் பேழை. ஒருவன் எழுதிய கணக்கைச் சரிபார்க்க, மற்றொருவன் வைத்திருந்த எதிர்ச்சுருளுக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது. சூப்பர்விஷன் என்றால் மேலிருந்து பார்ப்பது. மேனேஜ் என்ற சொல் பிறந்த இடம் குதிரைக் கொட்டடி. கையால் பிடித்துக் குதிரையைப் பழக்குவதைத்தான் முதலில் அது குறித்தது. ஆகவே கண்ட்ரோல் கணக்குக் கேட்கிறது. சூப்பர்விஷன் கண் வைக்கிறது. மேனேஜ்மெண்ட் கடிவாளத்தைப் பிடிக்கிறது. மூன்றையும் ஒன்றென்று நினைப்பவன், கண் வைத்தவனைக் கடிவாளம் பிடித்தவன் என்று எண்ணி ஏமாந்து போகிறான்.

நாட்டை ஆண்டவர்கள் இந்த வேறுபாட்டைக் கொண்டே ஆண்டார்கள். 1784-ல் பிட் கொண்டுவந்த சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியைக் கலைக்கவில்லை. கம்பெனிக்குப் பெயர் இருந்தது, வாணிபம் இருந்தது, ஆட்களை நியமிக்கும் உரிமையும் இருந்தது. ஆனால் அதன் தலைக்கு மேலே 'போர்டு ஆப் கண்ட்ரோல்' என்று ஒன்றை இலண்டனில் அமர்த்தினார்கள். நாற்காலி கம்பெனிக்கு, பிடி அரசாங்கத்துக்கு! 1833-ம் ஆண்டுச் சட்டத்தில், இந்தியா முழுமைக்குமான 'சூப்பரின்டெண்டன்ஸ், டைரக்‌ஷன், கண்ட்ரோல்' கவர்னர் ஜெனரலின் சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. கண்காணிப்பது, வழிகாட்டி ஆணையிடுவது, பிடித்து நிறுத்துவது. ஒரு சொல்லில் தப்பியது மறு சொல்லில் அகப்படும் என்று பின்னிய வலை அது. வெள்ளையன் போனான், வலை போகவில்லை. அதே மூன்று சொற்கள் அரசியல் சட்டத்தின் 324-வது பிரிவில் தேர்தல் ஆணையத்துக்கு இன்றும் உண்டு. அன்று அன்னிய ஆட்சிக்குக் கோட்டை கட்டிய சொற்கள், வாக்குப்பெட்டிக்குக் காவலாக வைக்கப்பட்டன. சொல் அதேதான், யாருக்காக என்பதுதான் மாறிற்று.

1921-ல் இரட்டையாட்சி நடைமுறைக்கு வந்தது. கல்வி, சுகாதாரம், தலத்தாபனங்கள் மக்கள் தேர்ந்தெடுத்தோர் வழிவந்த மந்திரிகளுக்கு! போலீஸ், நிலவரி, நிதி ஆகியவை கவர்னருக்கும் அவருடைய நிர்வாக சபைக்கும்! பள்ளிக்கூடம் திறக்கும் அதாரிட்டி மந்திரிக்கு. பணப்பெட்டியின் சாவி மற்றவரிடம். விருந்துக்கு இலை போட்டாயிற்று, அகப்பை மட்டும் அடுத்த வீட்டில்!

1935-ம் ஆண்டுச் சட்டமோ இன்னும் நுணுக்கமானது. கவர்னர் சில காரியங்களைத் தமது 'டிஸ்கிரிஷன்'படி செய்வார் என்றது. வேறு சிலவற்றைத் தமது 'இண்டிவிஜுவல் ஜட்ஜ்மெண்ட்'படி செய்வார் என்றது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அல்ல! முதலாவதில் மந்திரியைக் கேட்கவே வேண்டியதில்லை. இரண்டாவதில் கேட்க வேண்டும், ஆனால் கேட்டபடி நடக்க வேண்டியதில்லை. கேட்காமல் மறுப்பது ஒன்று, கேட்டுவிட்டு மறுப்பது மற்றொன்று. மறுக்கப்பட்டவனுக்கு இரண்டும் ஒன்றே. 1937-ல் தேர்தலில் வென்ற காங்கிரஸ், கவர்னர்கள் இந்தத் தனி உரிமைகளைக் கொண்டு குறுக்கிட மாட்டார்கள் என்ற உறுதியைக் கேட்டுச் சில திங்கள் பதவி ஏற்காமலே இருந்தது, ஜூலையில்தான் ஏற்றது. அவர்களுடைய கொள்கையோடு நமக்கு எவ்வளவோ மாறுபாடு இருக்கலாம். ஆனால், நாற்காலியில் அமருமுன் சொல்லை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்ற பாடம் எல்லோருக்கும் பொது.

இனி, தொழிலாளியின் வாழ்விலே இந்தச் சொற்கள் விளையாடும் விளையாட்டைப் பாருங்கள்.

செல்வாக்கை ஆங்கிலத்தில் இன்புளுயன்ஸ் என்பர். விண்மீன்களிலிருந்து மனிதர்மீது ஏதோ ஓர் ஆற்றல் வழிந்து இறங்குகிறது என்று பழைய ஐரோப்பியர் நம்பினர். அந்த நம்பிக்கையிலே பிறந்த சொல் அது. ஆணையிடும் உரிமை இல்லை; ஆனால் சொன்னால் கேட்பார்கள். தொழிற்சங்கத் தலைவருக்கு இருப்பது இதுதான். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. தலைவர் பி. பி. வாடியா. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அவர் சொல்லைக் கேட்டார்கள். 1920-ல் ஆலை நிர்வாகம் உயர்நீதிமன்றம் சென்றது. தொழிலாளரின் ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டுகிறார் என்று வழக்கு; தடையுத்தரவும் கிடைத்தது. பாருங்கள், முதலாளியின் சொல்லுக்குத் தொழிலாளி கட்டுப்பட்டால் அதற்குப் பெயர் ஒழுங்கு. சங்கத்தின் சொல்லைக் கேட்டால் அதற்குப் பெயர் தூண்டுதல்! அந்தப் பெயரை மாற்ற 1926-ம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் மட்டும் வேறா? 1823-ம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'மாஸ்டர்' என்றும் 'சர்வெண்ட்' என்றும் இருந்தன. எசமானன், ஏவலாள்! ஒப்பந்தத்தை ஏவலாள் மீறினால் சிறை. எசமானன் மீறினால் பண வழக்கு. 1875-ல் அந்த முறை ஒழிந்தது. வேலை தருவோர், வேலை செய்வோர் என்று சட்டத்தின் பெயரே மாறியது. சொல் மாறியதால் சிறைக்கதவு திறக்கவில்லை. தொழிலாளி போராடியதால் கதவு திறந்தது, சொல்லும் மாறியது.

இன்றைய நிலை என்ன? 1956-ல் திருத்தப்பட்ட தொழிற்தகராறுச் சட்டம், நிர்வாகப் பொறுப்பில் இருப்பவன் தொழிலாளி அல்ல என்றது. மேற்பார்வை வேலையில் இருந்து, மாதம் 500 ரூபாய்க்குமேல் வாங்குகிறவனும் அல்ல என்றது. அந்த வரம்பு 1982-ம் ஆண்டுத் திருத்தத்தில் 1,600 ஆயிற்று. 2010-ல் 10,000 ஆயிற்று. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் 18,000 ஆகியிருக்கிறது. நன்றாகக் கவனியுங்கள்! நிர்வாகப் பொறுப்பு என்றால் ஊதியம் எவ்வளவானாலும் நீ வெளியே. சூப்பர்விஷன் என்றால், தொகை வரம்பைத் தாண்டினால் வெளியே. வேலையை விட்டு நீக்கினால் தொழில் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டும் உரிமை அந்தக் கோட்டுக்கு உள்ளே நிற்பவனுக்கே.

ஆகவே ஒரு நாள் கடிதம் வருகிறது. "உம்மை சூப்பர்வைசராக உயர்த்தியிருக்கிறோம்." வீட்டில் மகிழ்ச்சி, தெருவில் பெருமை. அதே எந்திரம், அதே எண்ணெய்ப் பிசுக்கு, அதே இரவு முறை. சட்டைப் பையிலே மட்டும் புதிய பட்டம். லீவு கொடுக்க முடியுமா? முடியாது. ஒருவனை வேலைக்கு எடுக்க முடியுமா? முடியாது. பவர் இல்லை, அதாரிட்டி இல்லை. பெயர் மட்டும் உண்டு. மாலை சூட்டியபிறகுதான் ஆட்டுக்குத் தெரியும், எதற்கென்று!

நல்லவேளை, நீதிமன்றம் பட்டத்தைப் பார்த்து மயங்கிவிடவில்லை. 1985-ல் சீபா கெய்கி வழக்கில், ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலை எது என்றே உச்சநீதிமன்றம் கேட்டது. எழுத்து வேலை செய்துகொண்டு, இடையே சிறிது மேற்பார்வையும் பார்த்தவர் தொழிலாளியே என்று தீர்ப்பளித்தது.

காண்டிராக்டரின் திரைக்குப் பின்னே ஒளிவதும் இப்படித்தான். கட்ச் ரண் பகுதியின் உப்பளங்களில் வேலை செய்த அகரியாக்கள், மணங்குக் கணக்கில் கூலி வாங்கியவர்கள்; தமக்கு உதவியாக ஆள் வைத்துக்கொள்ளவும் செய்தவர்கள். "இவர்கள் எம் தொழிலாளர் அல்லர், தனித்து நிற்கும் குத்தகையாளர்கள்" என்றது தாரங்கதாரா கம்பெனி. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் கண்ட்ரோல் யாரிடம் இருந்தது என்று 1956-ல் உச்சநீதிமன்றம் ஆராய்ந்து, அவர்கள் தொழிலாளர்களே என்றது. 1978-ல் கேரளத்துக் கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் மேலும் ஒரு படி சென்றார். இடையில் எத்தனை காண்டிராக்டர்கள் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பும் வேலையின் தொடர்ச்சியும் எவன் பிடியில் இருக்கிறதோ அவனே முதலாளி. திரையை விலக்கிப் பார் என்றார். கயிற்றுத் தொழிற்சாலை வழக்கில், கயிற்றின் நுனி யார் கையில் என்று கண்டு சொன்னார்!

ஆனால் திரையை விலக்க நீதிபதிக்குச் சான்று வேண்டும். சான்று உங்களிடம்தான் இருக்கிறது. பதவி உயர்வுக் கடிதம் வந்தால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். கையெழுத்திடுமுன் கொண்டு வாருங்கள். நாள்தோறும் செய்யும் வேலையை ஒரு நோட்டிலே குறித்து வையுங்கள். ஆணையிட்டவர் யார், லீவு தந்தவர் யார், தண்டனை தந்தவர் யார் என்று தேதியோடு எழுதுங்கள். சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த ஆங்கிலச் சொற்களை எல்லாம் 'அதிகாரம்' என்று ஒரே சொல்லில் பெயர்த்துப் போடாதீர்கள். மேற்பார்வையை மேற்பார்வை என்றும், கட்டுப்பாட்டைக் கட்டுப்பாடு என்றும், ஆணையை ஆணை என்றும் பிரித்துத் தமிழில் எழுதித் தொழிலாளியின் கையில் கொடுங்கள்.

எந்தக் கடிதம் வந்தாலும், எந்தச் சட்டம் வந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவரால் 'இல்லை' என்று சொல்ல முடியுமா? இவர் சொன்ன 'இல்லை'யை மேலே ஒருவர் 'ஆம்' ஆக்க முடியுமா? தவறு நேர்ந்தால் தலை கொடுப்பவர் யார்? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் அதாரிட்டி யாரிடம் என்று விளங்கும். இரண்டாவதில் பவர் யாரிடம் என்று விளங்கும். மூன்றாவதில், பலியாடு யார் என்பது விளங்கும்!

பட்டம் எவரும் தரலாம். அதை வாங்குமுன், கடிவாளம் யார் கையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.