அடுப்பைக் காட்டிப் பெற்ற வாக்கு

"நாடு வேண்டுமா, சோறு வேண்டுமா?" என்று ஒரு தொழிலாளியைக் கேட்பவன் அவனுடைய கருத்தைக் கேட்கவில்லை; அவனுடைய அடுப்பின் மீது கையை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறான். 2014 செப்டெம்பர் 18இல் ஸ்கொட்லாந்தில் நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பை ஜனநாயகத்தின் திருவிழா என்று போற்றுவோர் பலர் உளர். போற்றுதற்குக் காரணமும் உண்டு. இரண்டு அரசாங்கங்கள் 2012இல் எடின்பரோ நகரில் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின்படி, ஒரு துளி இரத்தமும் சிந்தாமல், வாக்காளரில் நூற்றுக்கு 84 பேருக்கு மேல் சென்று வாக்களித்தனர். சுதந்திரம் வேண்டாம் என்றோர் நூற்றுக்கு 55. வேண்டும் என்றோர் 45. ஆயின், அத்திருவிழாவுக்கு முன்னர் தொழிலாளியின் வாசலில் நின்று எதைக் காட்டி வாக்குக் கேட்டார்கள் என்பதையும் பேசத்தானே வேண்டும்?

கிளைட் நதிக்கரையிலே கோவன், ஸ்கொட்ஸ்ரன் என்னும் இரு கப்பல் கட்டுந் துறைகள் உள்ளன. பிரித்தானியக் கடற்படை கொடுக்கும் வேலையே அவற்றின் உயிர். 2013 நவம்பரில் அத்துறைகளை நடத்தும் பீ.ஏ.ஈ. கொம்பனி, நாடெங்கும் 1,775 வேலைகள் போகும் என்று அறிவித்தது. இங்கிலாந்தின் போட்ஸ்மத் நகரில் கப்பல் கட்டுந் தொழிலே மூடப்பட்டது, கிளைட் தப்பியது. அந்த நடுக்கம் அடங்குமுன் இலண்டன் அமைச்சர்கள் வந்து சொன்னது என்ன? உலக யுத்த காலங்கள் தவிர, நுட்பமான போர்க்கப்பலைப் பிரித்தானியா அந்நிய நாட்டில் கட்டுவித்ததில்லை. ஸ்கொட்லாந்து பிரிந்தால் அதுவும் அந்நிய நாடே என்றார்கள்.

'நுட்பமான' என்ற அந்தச் சொல்லை வழக்கறிஞன் என்ற முறையில் நான் இரண்டு முறை வாசித்தேன். வாசிக்கத்தான் வேண்டும். ஏனெனில் அதே அரசாங்கம் 2012இல் கடற்படைக்கான நான்கு எண்ணெய்க் கப்பல்களைத் தென் கொரியாவுக்குக் கொடுத்திருந்தது! அங்கே அந்நியம் குறுக்கே நிற்கவில்லை. 2025 ஓகஸ்டில் நோர்வே, தன் கடற்படைக்குக் கிளைட்டில் கட்டும் கப்பலையே தெரிந்தெடுத்தது. அங்கேயும் குறுக்கே நிற்கவில்லை.

சரி, வேண்டாம் என்று வாக்களித்தாயிற்று. கிடைத்தது என்ன? வாக்கெடுப்புக்கு முன் பேசப்பட்டவை 13 போர்க்கப்பல்கள். 2015 நவம்பரில் அவை எட்டாகச் சுருங்கின. எஞ்சிய ஐந்துக்குப் பதில் சிறிய, மலிவான கப்பல்கள் என்றனர். 2019இல் அவ்வேலை ரொசைத் துறைக்குச் சென்றது. அதுவும் ஸ்கொட்லாந்தே என்பதையும், எட்டுக் கப்பல்களும் கிளைட்டுக்கே வந்தன என்பதையும் மறைப்பது நேர்மையன்று. ஆனால் 13ஐ நம்பி வாக்களித்தவன் எட்டைப் பெற்றபோது, அவன் எந்த மன்றில் வழக்குத் தொடர முடியும்?

அதே மாதத்தில் ஒன்றிய அரசின் வரித் திணைக்களம், 170 அலுவலகங்களை மூடி 13 பெரு நிலையங்களாக்கப் போவதாக அறிவித்தது. ஸ்கொட்லாந்துக்கு மிஞ்சியவை கிளாஸ்கோவும் எடின்பரோவும் மட்டுமே. சிறு பட்டினங்களின் எழுதுவினைஞருக்கு அன்று எந்தக் கொடி நிழல் தந்தது?

வங்கிகளின் கூத்து இன்னும் விசித்திரமானது. வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில், சுதந்திரம் வந்தால் தன் பதிவு அலுவலகத்தை இங்கிலாந்துக்கு மாற்றப்போவதாக றோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்து அறிவித்தது. அன்றே அதன் தலைமை அதிகாரி தம் ஊழியருக்கு எழுதிய கடிதத்தில், இது சட்ட நடைமுறை மட்டுமே, வேலைகளை இடம் மாற்றும் நோக்கமில்லை என்று விளக்கினார். அறிவிப்போ ஊரெங்கும் முழங்கிற்று. கடிதமோ முணுமுணுப்போடு நின்றது.

இவ்வளவும் சொன்னேன் என்பதால் மறுதரப்பார் உத்தமர் என்று எவரும் எண்ணவேண்டாம். 2013 நவம்பரில் ஸ்கொட்லாந்து அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மசகெண்ணெய் பீப்பாய்க்கு ஏறத்தாழ 110 டொலர் என்ற கணக்கில் வருமானத்தைக் காட்டியது. 2016 ஜனவரியில் விலை 30 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. கடல் எண்ணெயை நம்பிய அபர்டீன் நகரத் தொழிலாளி, இரு அரசாங்கங்களின் கணக்கையும் சந்தேகித்திருந்தால் அவனைக் கோழை என்பது அடாது. வீட்டுக் கடனும் பிள்ளைகளும் உள்ளவன் அஞ்சுகிறான். அஞ்சுவது அவன் உரிமை. அந்த அச்சத்தை விற்று வாக்கு வாங்கியவர்களையே நாம் குற்றக்கூண்டில் நிறுத்துகிறோம்.

ஸ்கொட்லாந்துத் தொழிற்சங்கக் காங்கிரஸ் எப்பக்கமும் சாராமல், இரு பக்கத்தாரையும் கேள்வி கேட்டது. இதைத் தயக்கம் என்று பழித்தவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முடிவு வெளியான பின்னரே அசல் பரீட்சை வந்தது. புதிய அதிகாரங்களை ஆராய்ந்த ஸ்மித் ஆணைக்குழு 2014 நவம்பரில் அறிக்கை தந்தபோது, வேலைச் சட்டத்தை இயற்றும் அதிகாரம் வெஸ்ட்மின்ஸ்டரிடமே விடப்பட்டது. ஆட்குறைப்புச் சட்டத்தில் ஒரு வரியையேனும் எடின்பரோ பாராளுமன்றம் திருத்த இயலாது. உங்கள் வேலையை நாமே காப்போம் என்று மார்தட்டியவர்கள், காக்கும் கருவியை மட்டும் கொடுக்க மறுத்தார்கள்!

உத்தியோகப் பாதுகாப்பு என்பது மேடையில் பிறப்பதன்று. நீதிமன்றில் நின்று கேட்கக்கூடிய உரிமையாக அது இருக்கவேண்டும். அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்காடலாமா என்ற கேள்வியை நம் கோடீஸ்வரன் அதே இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை கொண்டு சென்று, 1969இல் ஆம் என்ற விடையைப் பெற்றதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஒன்றியத்தின் நிழலிலேயே, ஸ்கொட்லாந்தின் ஒரே எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமான கிராஞ்மௌத் 2025 ஏப்ரிலில் தன் தொழிலை நிறுத்தியது. நானூறுக்கு மேற்பட்டோரின் வேலை அதனோடு போயிற்று. வெஸ்ட்மின்ஸ்டரின் சம்மதமின்றி இன்னொரு வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு இல்லை என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் தீர்த்தது. ஆகவே அது எப்போது வரினும் முதலில் சம்மதம் பேசப்படும், உடன்படிக்கை எழுதப்படும். அவ்வுடன்படிக்கையிலேயே இருதரப்பின் வேலை வாக்குறுதிகளும் எண்ணிக்கையோடும் ஆண்டோடும், மீறினால் நட்டஈடு என்ற பிரிவோடும் எழுதப்படட்டும். அதற்குக் கையொப்பமிட மறுப்பவர் யார் என்பதைத் தொழிற்சங்கங்கள் வாக்களிப்பு நாளுக்கு முன்னரே ஒவ்வொரு துறைமுக வாயிலிலும் ஒட்டிவிடட்டும்.