மாத்திரை இலவசம், நாள் கூலி போச்சு

1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். நாட்டிலேயே அதுதான் முதல் முயற்சி. துறைமுகத்தை ஒட்டிய வடசென்னையில், மூட்டை தூக்குபவர்களும் மீனவர்களும் வந்துபோகும் அரசு மருத்துவமனையில் அது தொடங்கியது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஏனென்றால் அப்போதும், பின்னர் வெகுகாலமும், சர்க்கரை பணக்கார வியாதி என்றே ஊர் நம்பியது. உடம்பு வளைந்து உழைப்பவரை அது அண்டாது என்றார்கள்.

2017இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. தமிழ்நாடு உள்ளிட்ட வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில், வசதியானவர்களைவிட ஏழைகளிடம்தான் சர்க்கரை அதிகம். சண்டிகரில் வசதி குறைந்தவர்களில் 26.9 சதவீதம் பேருக்கு. வசதி படைத்தவர்களில் 12.9 சதவீதம் பேருக்கு. இதில் சாப்பாட்டுக்கும் பங்கு உண்டு. ரேஷன் அரிசி நம் மாநிலத்தில் பசியை விரட்டியது. அது சாதாரணச் சாதனையல்ல. ஆனால் காயும் பழமும் கடை விலைக்குத்தான். தட்டில் சோறு மட்டும் குவிந்தது.

நோய் இடம் மாறியது. வைத்தியச் செலவு கூடவே இறங்கி வரவில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வின்படி, நகர்ப்புற ஏழைகள் வருமானத்தில் 34 சதவீதத்தைச் சர்க்கரைக்கே செலவிட்டார்கள். மருந்து விலையையே பாருங்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது 1923இல். அந்த மருந்தை வாங்க முடியாமல் அளவைக் குறைத்துப் போட்டுக்கொள்பவர்கள் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள்.

மருந்துச் செலவைக் குறைப்பதில் தமிழ்நாடு உருப்படியாகச் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய திட்டம்.

ஆனால் மாத்திரை மட்டும் சிகிச்சை ஆகிவிடாது. ஒரு கட்டடத் தொழிலாளி சர்க்கரை பார்க்கப் போகும் நாளை எண்ணிப் பாருங்கள். வெறும் வயிற்றோடு போய்ச் சீட்டு போட்டு, வரிசையில் நின்று ரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு வெளியே போய் இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுபடி ரத்தம். முடிவு கைக்கு வந்து டாக்டரைப் பார்ப்பதற்குள் மதியம். மேஸ்திரி அன்றைக்கு வேறு ஆளை ஏற்றியிருப்பார். மருந்து இலவசம்தான், அன்றைய கூலி யாருடைய கணக்கில்? அதனால்தான், “உடம்பு நல்லாத்தான் இருக்கு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்” என்கிறார்கள். இதை அலட்சியம் என்று ஏசும் மருத்துவர்களை நான் ஏற்கமாட்டேன். வலியில்லாமல் வளரும் நோய் இது. மரத்துப்போன காலில் ஆணி குத்தினாலும் தெரியாது. புண் அழுகி, விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லும்போதுதான் அடுத்த மாசம் என்றதன் விலை தெரிகிறது. விரல் போனவர் மறுபடி சாரம் ஏற முடியுமா? கூலி நின்றால், அந்த வீட்டு மூத்த பிள்ளையின் படிப்பும் நின்றுபோகலாம்.

ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வாரத்தில் இரண்டு நாளாவது, வேலை விட்டு வருபவர்களுக்காக இரவு எட்டு மணிவரை சர்க்கரைப் பிரிவு இயங்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை; அதை அங்கேயே செய்யலாம். செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு செவிலியரையும் அமர்த்த வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் அரசு இதற்கு நிதி ஒதுக்கட்டும்.