புலம்பல்னு சொல்றது யாரு?

அக்கா பையன் ஏழாவது படிக்கிறான். போன வாரம் இங்கிலீஷ் கைடைத் தூக்கிட்டு வந்து, "மாமா, வைன்னா என்ன?"ன்னு கேட்டான். குடிக்கிற சமாச்சாரமோன்னு பதறிட்டேன். இல்லையாம், அழுது வடியுற 'வைன்' :-)

கைடை வாங்கிப் பார்த்தா வைன், மோன், கிரம்பிள், விம்பர்னு நாலு வார்த்தை. நாலுக்கும் எதிரே ஒரே அர்த்தம், 'புலம்புதல்'. அடப்பாவிகளா!

வாசல்ல கட்டிப்போட்ட நாய்க்குட்டி ஈனஸ்வரத்துல குழையுமே, அது விம்பர். காய்ச்சல்காரன் ராத்திரி பூரா அனத்துறது மோன். சம்பளக் கவரைப் பிரிச்சுப் பார்த்துட்டு வாய்க்குள்ள முணுமுணுக்கிறது கிரம்பிள். பொம்மை வாங்கித் தான்னு பிள்ளை நை நைன்னு உசுரை எடுக்குறதுதான் வைன். நம்மகிட்ட மட்டும் வார்த்தைக்குப் பஞ்சமா? சிணுங்கல், முனகல், அனத்தல், அங்கலாய்ப்பு, பிலாக்கணம், ஒப்பாரி... போதாததுக்கு எங்க தெக்கத்திப் பக்கம் 'ஆவலாதி'ன்னு ஒரு அருமையான வார்த்தை. "டீச்சர், இவன் கிள்ளுறான்"னு போய்ச் சொல்றது ஆவலாதி. அதைக் கேட்க ஒரு டீச்சர் இருப்பாங்க, கிள்ளினவனுக்கு ஒரு அடியும் விழும். புலம்பலுக்கு அப்படி யாரும் கிடையாது.

மக்களே, நான் சண்டைக்கு வர்றது இந்த இடத்துலதான்.

நாளைக்குப் பேப்பரைப் புரட்டும்போது ஒரு கண்ணு வச்சுப் பாருங்க. முதலாளிங்க பேசினா 'கோரிக்கை'. கட்சிக்காரர் பேசினா 'கண்டனம்'. அதிகாரி பேசினா 'அதிருப்தி'. கூலி வேலை பார்க்கிறவன் அதே விஷயத்தைச் சொன்னா? 'தொழிலாளர்கள் புலம்பல்'. விவசாயி சொன்னாலும் புலம்பல்தான். சொன்ன விஷயம் ஒண்ணுதான், சொன்ன ஆளுதான் வேற.

இங்கிலீஷ்காரனும் இதுல சளைச்சவன் இல்ல. 'கம்ப்ளைன்' லத்தீன்ல மாரடிச்சு அழுற வார்த்தையிலேர்ந்து வந்தது. கோர்ட்டுல வழக்குப் போடுற 'பிளெயின்டிஃப்'பும், சோகமான குரலைச் சொல்ற 'பிளெயின்டிவ்'வும் ஒரே வயித்துப் பிள்ளைங்க. வக்கீல் வச்சவனோட அழுகை வழக்கு ஆயிடுச்சு, வக்கீல் இல்லாதவனோட அழுகை வெறும் ராகமா நின்னுபோச்சு. நம்ம 'புகார்' மட்டும் என்னவாம்? இந்துஸ்தானி 'புகார்'லேர்ந்து வந்தது. அங்க அதுக்குக் கூப்பாடு, கூவி அழைக்கிறதுன்னு அர்த்தம். ஆக எல்லாமே முதல்ல சத்தமாத்தான் இருந்திருக்கு. எந்தச் சத்தத்தைக் காகிதத்துல எழுதி சீல் குத்துறதுங்கிறதை மட்டும் வேற யாரோ முடிவு பண்றாங்க.

இதெல்லாம் வெறும் வார்த்தை விளையாட்டுன்னு நினைச்சா எங்க ஊருப் பக்கம் வந்து பாருங்க.

எங்க சித்தி சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில வேலை பார்த்தாங்க. ஒரு அறைக்கு 4 பேருக்கு மேல உட்காரக் கூடாதுங்கிறது இந்த வட்டாரத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. தீபாவளி ஆர்டர் நெருங்கினதும் அந்த அறையில 9 பேர். சித்தி போர்மேன்கிட்ட ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க, "அண்ணாச்சி, வெக்கை தாங்கல, ஆளும் கூடுதலா இருக்கு, பயமா இருக்கு". வந்த பதில், "சும்மா பொலம்பாம கைவேலையப் பாரு". சித்தி மறுவாரமே நின்னுட்டாங்க. அடுத்த வருஷம் அதே அறை தீப்பிடிச்சது. மதியச் சாப்பாட்டு நேரம்கிறதால யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னைக்கும் 'உராய்வு'ன்னுதான் பேச்சு. பாவம் உராய்வு, அதுக்கு வாய் இல்ல.

எல்லா நாளும் சாப்பாட்டு நேரமா அமையாது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: சுமார் 40 உசுரு போச்சு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20 பேருக்கு மேல. உரிமம் ஒருத்தர் பேர்ல, உள்குத்தகைக்கு எடுத்து நடத்துறது வேற ஆளுங்க, அறையில அளவுக்கு மீறின கூட்டம், வெக்கைக்குப் பயந்து மரத்தடியில வேலை... ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் இதே பட்டியலைத்தான் படிக்கிறோம். இதுல எதுவுமே அங்க வேலை பார்த்தவங்களுக்குப் புதுசு இல்ல. டீக்கடையிலயும் வேன்லயும் முன்னாடியே பேசினதுதான். பேசினப்போ அதுக்குப் பேரு புலம்பல். செத்ததுக்கு அப்புறம் அதுவே 'விதிமீறல்'.

'வைன்'ங்கிற வார்த்தை பழைய இங்கிலீஷ்ல அம்பு பாயுற சத்தத்தைக் குறிச்சதாம். ராக்கெட் விட்டவங்களுக்குத் தெரியும், மேல ஏறும்போது 'உய்ய்ய்'னு ஒரு சத்தம் வரும். வெடிக்கிறதுக்கு முன்னாடி வர்ற சத்தம் அது. எங்க ஊருல அதைத்தான் யாரும் காதுல வாங்கிக்கிறதில்ல.

தமிழார்வலர் யாராச்சும் வருவீங்க, "புலம்பல் நல்ல பழந்தமிழ்ச் சொல்லாச்சே, அதை ஏன் திட்டுறீர்?"னு. வாங்க, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். தொல்காப்பியத்துல உரியியலைப் புரட்டுங்க. 'புலம்பு'க்கு அங்க சொல்லியிருக்கிற பொருள் தனிமை! கேட்க ஆளில்லாம ஒத்தையா நிக்கிறவன் பேச்சுதான் புலம்பல். அப்படின்னா ஒரு பேச்சைப் புலம்பலா ஆக்குறது சொல்றவன் இல்ல, காதைப் பொத்திக்கிறவன். கேட்க ஒரு காது கிடைச்சா அதே பேச்சு முறையீடு.

திங்கக்கிழமை ஆனா விருதுநகர் கலெக்டர் ஆபீஸ்ல மனுவோட சனம் வந்து நிக்கும். அரசாங்கமே அதுக்கு வச்சிருக்கிற பேரு மக்கள் குறைதீர்க்கும் நாள். 'குறை'ன்னு ஒத்துக்கிட்டாத்தான் 'தீர்க்க' முடியும். புலம்பல் தீர்க்கும் நாள்னு ஒண்ணு உலகத்துல எங்கயும் கிடையாது.

அதனால பேப்பர்ல தலைப்பு வைக்கிற அண்ணன்மாரே, கைடு போடுற வாத்தியார்களே, அடுத்த தடவை அந்த வார்த்தையை எழுதுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க. இவங்க சொல்றதை முதலாளி சொல்லியிருந்தா என்ன எழுதியிருப்பேன்? அதையே எழுதுங்க.

மருமகனோட கைடுல நாலையும் அடிச்சுட்டு வேற வேற அர்த்தம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வந்து, "மாமா, டீச்சர் தப்புன்னு போட்டுட்டாங்க"ன்னான். ஆவலாதிதான். போய்ப் பேசணும்.

டிஸ்கி: இத்தனை நாளா என் சொந்தக் கதைகளுக்கு நானே 'புலம்பல்கள்'னு லேபிள் போட்டு வச்சிருந்தேன், ஹி ஹி. இன்னைக்கு மாத்திட்டேன், இனி 'ஆவலாதி'. உங்க பக்கத்துலயும் அந்த லேபிள் இருக்கும்னு தெரியும். மாத்துறதும் மாத்தாததும் உங்க இஷ்டம். ஆனா எங்க சித்தியோட பேச்சை மட்டும் அதுக்குள்ள போடாதீங்க.