அச்சுப்பிழைக்கு என்ன விலை?

ஐந்நூறு ரூபாய்த் தாளொன்றில் வரிசை எண் விடுபட்டிருந்தால் அது கள்ளத்தாளா, புதையலா? ஒரு சாரார் அஞ்சுகின்றனர். மற்றொரு சாரார் இலட்சக் கனவு காண்கின்றனர். பெரும்பாலும் இரண்டுமே பொருந்தாதவை.

நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு அச்சகங்களில் நம் பணத்தாள்கள் அச்சாகின்றன. முதலில் பின்னணிக் கோலங்கள், பிறகு விரலால் தடவி உணரக்கூடிய புடைப்பு அச்சு, அதன்பின் வரிசை எண், இறுதியில் வெட்டு. இவற்றுள் எக்கட்டத்தில் தாள் மடிந்தாலும் நகர்ந்தாலும் பிழை நேரும். பணமதிப்பு நீக்கத்தை அடுத்து, 2017 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் ஷியோப்பூர் மாவட்ட விவசாயிகள் சிலருக்குக் காந்தியடிகளின் உருவமே இல்லாத 2,000 ரூபாய்த் தாள்கள் கிடைத்தன. அவை கள்ளத்தாள்கள் என்றே அவர்கள் கலங்கினர். உண்மையில் அவை அச்சில் பிழைபட்ட தாள்களே; வங்கி அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

எண்ணுக்கு முன் நட்சத்திரக் குறி இருப்பதைப் பிழையென்று கருதுவோரும் உளர். நூறு தாள் கொண்ட கட்டில் பழுதான தாளுக்கு மாற்றாக வைக்கப்படுவதே நட்சத்திரத் தாள். 2006 முதல் வழக்கிலுள்ள இது செல்லத்தக்கதே என 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கி மீண்டும் தெளிவுபடுத்தியது. இருந்தும் சில கடைக்காரர்கள் இதனை வாங்கத் தயங்குவது வியப்பே!

மெய்யான பிழையை எவ்வாறு அறிவது? நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் அச்சுக்கு முன்பே காகிதத்தில் அமைந்துவிடுபவை. ஆகவே, அச்சு எவ்வளவு பிழைபட்டிருப்பினும் அவை இருந்தே தீரவேண்டும். எண்ணைச் சுரண்டி அழித்திருந்தால், உருப்பெருக்கியில் அவ்விடத்துக் காகித இழைகள் கலைந்திருப்பது தெரியும். ஓரத்தை வெட்டி ‘வெட்டுப்பிழை’ என விற்பதும் உண்டு. அளவுகோல் எடுத்துப் பாருங்கள். இன்றைய ஐந்நூறு ரூபாய்த் தாள் 150 மி.மீ. நீளமும் 66 மி.மீ. அகலமும் உடையது. கத்தரிக்கப்பட்ட தாள் அளவில் குறையும்; உண்மையான வெட்டுப்பிழையிலோ பெரும்பாலும் அண்டைத் தாளின் ஒரு பகுதி எட்டிப்பார்க்கும்.

மதிப்பைப் பொறுத்தவரை என் கருத்து கண்டிப்பானது. சிறு மைக்கறைக்கு முகமதிப்பே உரியது. பார்த்தவுடன் தெரியும் அரிய பிழை, மடிப்பும் அழுக்கும் படாத நிலை, வாங்க விரும்பும் சேகரிப்பாளர் ஆகிய மூன்றும் கூடினால்தான் கூடுதல் விலை. இணையத்தில் ஒருவர் குறிப்பிடும் தொகை அவர் கேட்கும் விலையே ஒழிய, விற்ற விலையன்று. தாளைக் கழுவுவதும் இஸ்திரி போடுவதும் இருக்கும் மதிப்பையும் கெடுக்கும்.

வாங்குவதாகச் சொல்பவர் முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பழைய தாள்களையும் நாணயங்களையும் வாங்குவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணம், தரகு, வரி எனப் பணம் பறிப்போர் குறித்து அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இதில் இழப்பது பெரும்பாலும் கோடீசுவரரின் பணமன்று. பெட்டியடியில் பழைய தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவரின் சேமிப்பே.

மற்றொன்று: செல்லாதென அறிவிக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய்த் தாள்களில் பிழையுள்ளவற்றைத் தேடிச் சேர்ப்போர் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை மறவாதிருக்க வேண்டும். அவற்றை மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருத்தல் கூடாது. ஆய்வுக்கும் பணச் சேகரிப்புக்கும் இருபத்தைந்து வரை இசைவுண்டு.